தசமப் புள்ளியை நம்பலாமா?

கடலோர ஊர் ஒன்றில் நடந்த பள்ளி மாணவர் அறிவியல் கண்காட்சிக்கு நடுவர்களுள் ஒருவனாகச் சென்றிருந்தேன். ஒரு மேசையின்மேல் பிளாஸ்டிக் தொட்டி. அதில் கடலிலிருந்து எடுத்து வந்த நீர். நீரில் ஓர் அட்டைக் கப்பல். கப்பலின் அடியிலிருந்து கறுப்புக் கம்பி ஒன்று சிறிய மின்னணுப் பலகைக்குச் சென்றது. பலகையின் திரையில் 28.43 என்ற எண் ஒளிர்ந்தது. பத்து வினாடிக்கு ஒருமுறை அந்த எண் தானாகவே பதிவாகிக்கொண்டிருந்தது. ‘கப்பலிலிருந்து கடலின் வெப்பநிலையை அளக்கும் தானியங்கி அமைப்பு’ என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தார்கள்.

“கடைசியில் 3 என்று இருக்கிறதே, அது சரிதானா அம்மா?” என்று கேட்டேன்.

“மெஷினே காட்டுது சார். மனுஷன் பார்த்தாத்தான் தப்பு வரும்” என்றாள் அந்த மாணவி, சற்றும் தயங்காமல்.

நடுவர்கள் மூவருக்கும் அந்த விடை பிடித்துப்போயிற்று. முதற்பரிசு கொடுத்துவிட்டோம். பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் எனக்கு உறுத்தியது. அந்த உணர்வியை ஒரு நல்ல வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா என்று எங்களில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. இயற்பியல் கற்பித்துப் பிழைக்கும் நானும் கேட்கவில்லை.

அந்த மாணவியைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவள் சொன்னதையே கருவி விற்போரின் விளம்பரங்களும் சொல்கின்றன; நம்மில் பலரும் அப்படியே நம்புகிறோம். எண் தானாக வந்தால் அது சரியான எண். தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கமோ அத்தனை துல்லியம் என்பது அந்த நம்பிக்கை. இது எவ்வளவு தவறானது என்பதற்குக் கப்பல்களிலிருந்து கடலின் வெப்பத்தை அளந்த வரலாற்றைவிட நல்ல சாட்சி வேறில்லை.

அரை டிகிரியில் என்ன இருக்கிறது?

தொட்டி நீரில் அரை டிகிரி கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கடலில் அப்படியன்று. கடலின் மேற்பரப்பில் இரண்டரை மீட்டர் ஆழமுள்ள நீர்ப்படலம் மட்டுமே, அதன்மேல் உள்ள காற்று மண்டலம் முழுவதற்கும் இணையான வெப்ப ஏற்புத்திறன் உடையது. புவி வெப்பமாவதால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது கடலுக்குள்ளேதான் போகிறது.

நமது பருவமழையையே எடுத்துக்கொள்வோம். இந்தியப் பெருங்கடலில் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், மழைமேகக் கூட்டங்கள் எழும் வாய்ப்பு திடீரெனக் கூடுகிறது என்று சுலோச்சனா காட்கிலும் அவருடைய தோழர்களும் 1984-இல் காட்டினார்கள். ஒரு கருவி 27.6 என்றும் மற்றொன்று 28.1 என்றும் காட்டினால், இரண்டும் சொல்லும் கதைகள் வேறு வேறு. அரை டிகிரியைச் சிறு பிழை என்று ஒதுக்க முடியாதது இதனால்தான்.

வாளியும் எஞ்சின் அறையும்

1853-ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் கடல்சார் நாடுகள் கூடி, கப்பல்களின் வானிலைப் பதிவேட்டுக்குப் பொதுவான படிவம் ஒன்றை வகுத்தன. கடல் நீரின் வெப்பநிலையைக் குறிக்கவும் அதில் இடம் இருந்தது. முறை எளியது. கயிறு கட்டிய வாளியைக் கடலில் இறக்கி, நீரை மேல்தளத்துக்கு இழுத்து, அதில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார்கள். முதலில் மரவாளிகள் பரவலாக இருந்தன; பிறகு கித்தான் வாளிகள் வந்தன.

இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. மண்பானை நீர் ஏன் குளிர்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஈரக் கித்தான் வாளியும் ஒரு மண்பானைதான். கடற்காற்று வீசும் மேல்தளத்தில் அது சில நிமிடங்கள் இருந்தாலே உள்ளிருக்கும் நீர் ஒரு டிகிரியின் பத்தில் சில பங்கு குளிர்ந்துவிடும். மாலுமி வெப்பமானியைச் சரியாகவே படித்தார். அவர் படித்தது கடலின் வெப்பநிலையை அன்று, வாளியின் வெப்பநிலையை.

நீராவிக் கப்பல்கள் பெருகியபின் வேறொரு முறை வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கக் கப்பல் கடல்நீரை உள்ளிழுக்கிறது. அந்தக் குழாயிலேயே வெப்பமானியைப் பொருத்திவிட்டால் வாளி இழுக்கும் வேலை மிச்சம். ஆனால் அந்த நீர் மேற்பரப்புக்குச் சில மீட்டர் கீழிருந்து வருகிறது. வெப்பமானியை அடையும் முன் சூடான எஞ்சின் அறை வழியாகவும் வருகிறது. ஆகவே வாளி சற்றுக் குறைத்துக் காட்டியது போல் எஞ்சின் அறை சற்றுக் கூட்டிக் காட்டியது.

இதன் விளைவு எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். உலகக் கடல்களின் சராசரி வெப்பநிலையை வரைபடமாக வரைந்தவர்கள் 1945-ஆம் ஆண்டு இறுதியில் ஏறத்தாழ 0.3 டிகிரி திடீர்ச் சரிவு ஒன்றைக் கண்டார்கள். அந்தச் சரிவுக்குக் கடல் காரணமன்று என்பதை 2008-இல் டேவிட் தாம்சனும் மற்ற மூவரும் விளக்கினார்கள். 1942 தொடக்கத்திலிருந்து 1945 ஆகஸ்டு வரை கிடைத்த அளவுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அமெரிக்கக் கப்பல்களுடையவை. போர் முடிந்தபின், 1949 வரையிலான காலத்தில் அமெரிக்கப் பங்கு 30 விழுக்காடாக இறங்கிற்று. பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு பாதியாக உயர்ந்தது. அமெரிக்கர்கள் பெரும்பாலும் எஞ்சின் அறையில் அளந்தார்கள். பிரிட்டிஷார் பெரும்பாலும் வாளியில் அளந்தார்கள். குளிர்ந்தது கடல் அன்று. மாறியது அளக்கும் முறை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒழுங்கற்ற பிழைகள் ஆயிரம் அளவுகளைச் சராசரி எடுத்தால் ஒன்றையொன்று பெரிதும் தீர்த்துக்கொள்ளும். எப்போதும் ஒரே பக்கமாகச் சாயும் முறையான பிழை அப்படித் தீராது. லட்சம் வாளிகளைச் சராசரி எடுத்தாலும் கிடைப்பது குளிர்ந்த வாளியின் சராசரிதான்.

எழுத்தர் விட்ட ஓர் இலக்கம்

பிழை கருவியில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பதிவு செய்யும் முறையிலும் இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானியக் கப்பல்கள் எடுத்த அளவுகள் கோபே தொகுப்பு என்ற பெயரில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இவற்றின் ஒரு பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துளை அட்டைகளுக்கு மாற்றப்பட்டபோது, தசமப் புள்ளிக்குப் பின்னிருந்த இலக்கம் விடப்பட்டது. முழுமையாக்கவில்லை, வெட்டிவிட்டார்கள். 2019-இல் துவோ சானும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

இதன் அளவை நீங்களே கணக்கிடலாம். வெட்டப்பட்ட இலக்கம் 0 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம். சராசரியாக 4.5, அதாவது 0.45 டிகிரி இழப்பு. 23.9-உம் 23, 23.1-உம் 23. அட்டையில் துளையிட்டவர் ஓர் எண்ணையும் தவறாகப் படிக்கவில்லை. அவருக்குக் கொடுத்த விதி தவறு. அந்தப் பிழையை நீக்கியபின், அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வட பசிபிக்கும் வட அட்லாண்டிக்கும் மிக வேறுபட்ட வேகத்தில் வெப்பமடைந்தன என்ற தோற்றம் பெரிதும் மறைந்தது. பல்லாண்டுகள் அறிஞர்களைக் குழப்பிய புதிர் ஒன்றின் ஒரு பகுதி ஓர் இலக்கத்துக்குள் ஒளிந்திருந்தது.

மின்னணு யுகத்தில் பிழை ஒழிந்ததா?

“அதெல்லாம் வாளிக் காலத்துக் கதை, இன்று எல்லாம் தானியங்கி” என்று நீங்கள் சொல்லலாம். தானியங்கி அமைப்பின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆறு மணிக்கு ஒருமுறை ஒருவர் அளந்தால், 12 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் இரண்டு அளவுகளுக்கு இடையே 130 கிலோமீட்டருக்கு மேல் போய்விடுகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் கருவியோ 370 மீட்டருக்கு ஓர் அளவு தருகிறது. நள்ளிரவிலும் புயலிலும் அது தூங்குவதில்லை. ஆனால் ‘பிழையற்றது’ என்று சொல்லும்போதுதான் நான் வேறுபடுகிறேன். அமைப்பைப் பிரித்துப் பார்ப்போம், வாருங்கள்.

முதற்படி உணர்வி. பரவலாகப் பயன்படுவது பிளாட்டினம் மின்தடை வெப்பமானி. 0 டிகிரியில் அதன் மின்தடை 100 ஓம். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.385 ஓம் கூடும். மிக நம்பகமான கருவி இது. ஆனால் உணர்வி இருப்பது கப்பலின் அடியில். அளக்கும் பெட்டி இருப்பது மேலே ஓர் அறையில். இடையே 20 மீட்டர் செம்புக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவெட்டுப் பரப்பு அரைச் சதுர மில்லிமீட்டர். போக 20, வர 20, ஆக 40 மீட்டர். உங்கள் பாடநூல் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். கம்பியின் மின்தடை ஏறத்தாழ 1.36 ஓம் வரும். பெட்டிக்கு இது உணர்வியின் மின்தடை, இது கம்பியின் மின்தடை என்று பிரித்தறியத் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டி, கடல் மூன்றரை டிகிரி அதிகச் சூடு என்று சொல்லிவிடும்.

“கம்பியின் தடையை ஒருமுறை அளந்து கழித்துவிட்டால் போகிறது” என்று ஒரு மாணவர் சொல்லக்கூடும். நல்ல யோசனைதான், ஆனால் போதாது. செம்பின் மின்தடையும் வெப்பத்தால் மாறும். டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு. கம்பி செல்லும் எஞ்சின் அறை 15 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், 1.36 ஓம் மேலும் 0.08 ஓம் கூடும். அது 0.2 டிகிரிக்குச் சமம். எஞ்சின் அறையின் வெப்பம் நீர் வழியாக வெப்பமானிக்கு வந்த காலம் போய், இப்போது கம்பி வழியாகத் திரைக்கு வருகிறது! இதற்கு முறையான தீர்வு நான்கு கம்பி இணைப்பு. இரண்டு கம்பிகள் மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும். மற்ற இரண்டும் மின்னழுத்தத்தை மட்டும் அளக்கும். பின்னவற்றில் மின்னோட்டம் மிக மிகக் குறைவாதலால் அவற்றின் தடை கணக்கில் வராது. நல்ல கருவிகளில் இந்த ஏற்பாடு உண்டு. செலவைக் குறைக்க இரண்டு கம்பியோடு நிறுத்திவிடும் கருவிகளும் உண்டு. திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த இயலாது.

அடுத்த படி, தொடர்ந்து மாறும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி. 12 பிட் மாற்றி என்றால் முழு வீச்சை 4096 படிகளாகப் பிரிக்கிறது. மைனஸ் 2 முதல் 38 டிகிரி வரையுள்ள 40 டிகிரி வீச்சுக்கு ஒரு படி ஏறத்தாழ 0.01 டிகிரி. கண்காட்சித் திரையில் கண்ட 28.43-இன் கடைசி 3 இப்படிப் பிறந்ததுதான். அது கருவியின் மீச்சிற்றளவைக் காட்டுகிறது. உண்மைக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதைக் காட்டவில்லை. துணிக்கடையில் மில்லிமீட்டர் கோடுகள் போட்ட அளவுகோல் இருக்கிறது. ஆனால் அதன் முனை ஒரு சென்டிமீட்டர் தேய்ந்துபோயிருக்கிறது. கோடுகள் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் உங்களுக்குத் துணி குறையத்தான் செய்யும்.

அளக்காத ஆழம்

மேற்பரப்புக்குக் கீழே செல்வோம். ஓடும் கப்பலிலிருந்தே ஆழ்நீரின் வெப்பத்தை அறிய எக்ஸ்.பி.டி. என்னும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். ஒருமுறை மட்டுமே பயன்படும் சிறு குண்டு அது. முனையில் தெர்மிஸ்டர், பின்னால் மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருள். கடலில் போட்டதும் கம்பி பிரிந்துகொண்டே போகும். வெப்பநிலைச் செய்தி கம்பி வழியே கப்பலுக்கு வரும். கம்பி தீர்ந்து அறுந்தால் வேலை முடிந்தது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே செல்லும் பயணிகள் கப்பல்களிலிருந்து இத்தகைய குண்டுகளை இறக்கி வங்காள விரிகுடாவை ஆராய்ந்துள்ளது.

இந்தக் கருவியில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அது ஆழத்தை அளப்பதே இல்லை! நீரைத் தொட்ட நொடியிலிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்பதை மட்டுமே கப்பலிலுள்ள பெட்டி அறியும். குண்டு இன்ன வேகத்தில் விழும் என்ற சூத்திரத்தில் அந்த நேரத்தை இட்டு ஆழத்தைக் கணக்கிடுகிறது. தயாரிப்பாளர் தந்த பழைய சூத்திரத்தின்படி நூறாவது வினாடியில் ஆழம் ஏறத்தாழ 626 மீட்டர். 1995-இல் ஹனாவாவும் பிறரும் கடலிலேயே ஒப்பிட்டுத் தந்த புதிய சூத்திரத்தின்படி ஏறத்தாழ 647 மீட்டர். வேறுபாடு 21 மீட்டர். ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம். வெப்பநிலையைச் சரியாக அளந்து, அதைத் தவறான மாடியில் வைத்துவிட்டோம்.

கதை அதோடும் முடியவில்லை. 2007-க்குப் பின் வந்த ஆய்வுகள், குண்டுகள் விழும் வேகம் எல்லா ஆண்டுகளிலும் ஒன்றாக இருந்ததில்லை என்று காட்டின. 1970-களில் கடல் திடீரென அதிக வெப்பத்தைச் சேர்த்துப் பிறகு இழந்தது போலத் தெரிந்த மேடு, பெரும்பாலும் இந்தப் பிழையின் நிழல்தான். திருத்தலாம் என்றால், பழைய பதிவுகள் பலவற்றில் எந்த வகைக் குண்டு, எந்தச் சூத்திரம் என்ற குறிப்பே இல்லை. எண்களைக் கவனமாகச் சேமித்தவர்கள் அவற்றின் பிறப்பைச் சேமிக்கவில்லை. என் விமரிசனத்தின் மையம் இதுதான்.

அப்படியானால் எதையும் நம்பக் கூடாதா?

இவ்வளவும் படித்த ஒருவர், “அளவுகளே பிழை என்றால் புவி வெப்பமாகிறது என்பதும் கட்டுக்கதையோ?” என்று கேட்கலாம். அப்படி வாதிடுவோர் உள்ளனர். அது தவறு. பழைய வாளி அளவுகள் குறைத்துக் காட்டியவை. அவற்றைத் திருத்தினால் அக்காலக் கடல் சற்றுச் சூடாகிறது. எனவே நூற்றாண்டு முழுவதற்குமான வெப்ப உயர்வு, திருத்தாத அளவுகள் காட்டுவதைவிடக் குறைகிறது. குறைந்தும் உயர்வு மறையவில்லை. கப்பலைச் சாராத சாட்சிகளும் உண்டு. 2007-இல் 3000 மிதவைகள் என்ற இலக்கை எட்டிய ஆர்கோ திட்டத்தின் உணர்விகள் ஒரு டிகிரியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு துல்லியத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. அழுத்தத்தை அளந்து ஆழத்தை அறிபவை. அவையும் கடல் சூடேறுவதையே சொல்கின்றன.

கப்பல்கள் மிதவைகளைவிடச் சராசரியாக 0.12 டிகிரி கூட்டிக் காட்டுகின்றன என்று 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இரண்டையும் ஒப்பிட முடிந்ததால்தான் இது தெரிந்தது. பிழையைக் கண்டு சொல்வது அறிவியலின் பலவீனம் அன்று. கண்டுபிடிக்கத் தடயம் இல்லாமல் செய்துவிடுவதுதான் பலவீனம்.

நல்ல அமைப்பு எப்படி இருக்க வேண்டும்?

ஆகவே, கப்பலுக்காகத் தகவல் திரட்டும் அமைப்பை உருவாக்குவோர் தசம இலக்கங்களைப் பெருக்குவதற்கு முன் சிலவற்றைச் செய்ய வேண்டும் என்பேன். டிகிரியாக மாற்றிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, முதலில் அளந்த ஓம் மதிப்பையோ வினாடிக் கணக்கையோ அழித்துவிடக் கூடாது. சூத்திரம் நாளை மாறலாம். மூல அளவு மாறாது. உணர்வியின் எண், அது கடைசியாக எப்போது ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது, நீர்மட்டத்துக்கு எத்தனை மீட்டர் கீழே உள்ளது, நீர் இழுக்கும் பம்பு அப்போது ஓடிற்றா, கப்பல் நின்றிருந்ததா, எந்த நிரல் கணக்கிட்டது ஆகியவை ஒவ்வொரு பயணத்திலும் அளவுகளோடு சேர்ந்தே பதிய வேண்டும். கடலுக்குப் போகும் முன் ஒருமுறை, திரும்பியபின் ஒருமுறை உணர்வியைச் சோதிக்க வேண்டும். போகும்போது சரியாக இருந்தது வரும்போதும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதி ஏது?

இந்தக் குறை கப்பலில் மட்டுமா இருக்கிறது? நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் இருக்கிறது. மாணவர் ரெக்கார்டு நோட்டில் மீச்சிற்றளவை எழுதாவிட்டால் மதிப்பெண் குறைக்கிறோம். எந்தக் கருவியை எடுத்தாய், அதை எதனோடு ஒப்பிட்டாய் என்று கேட்பதில்லை. விடை புத்தகத்தோடு பொருந்தாவிட்டால், பென்சிலால் எழுதிய அளவை அழித்துவிட்டு ‘சரியான’ அளவை மையால் எழுதும் பழக்கத்தைக் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறோம். துளை அட்டையில் இலக்கத்தை வெட்டியவர்களாவது தங்களுக்கு இட்ட விதிப்படி நடந்தார்கள். நாம் விதியே இல்லாமல் வெட்டுகிறோம்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் வெப்பம் அளக்கும் சிறு மின்னணுக் கருவி இருந்தால் இன்றே ஒன்று செய்யுங்கள். பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி ஒரு குவளையில் நிரப்பி, அது நனையும் அளவுக்குக் குளிர்ந்த நல்ல நீர் ஊற்றிக் கலக்குங்கள். சற்று நேரம் கழித்து உணர்வியை நடுவில் வையுங்கள். திரை 0.00 காட்ட வேண்டும். 0.6 காட்டினால் கருவியைத் தூக்கி எறியாதீர்கள், அந்த 0.6-ஐயும் தேதியையும் எழுதிக் கருவியின்மேல் ஒட்டிவையுங்கள். கம்பியை நீட்டி மறுபடி அளந்து, எவ்வளவு மாறுகிறது என்றும் பாருங்கள்.

கண்காட்சி முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு அந்தப் பள்ளி ஆசிரியர் மூலம் மாணவிக்கு இந்தச் சோதனையை எழுதி அனுப்பினேன். நடுவராக இருந்தபோது கேட்கத் தவறியதற்கு வருத்தமும் தெரிவித்திருந்தேன். பதில் ஒரு தாளில் வந்தது. மூன்று நாட்கள், நாளுக்கு ஐந்து முறை அளந்து அட்டவணை போட்டிருந்தாள். அடியில் ஒரு வரி: “பனிக்கட்டியில் 0.8 காட்டுகிறது சார். அன்றைக்குக் கடல் நீர் 28.43 இல்லை. 27.6 ஆக இருக்கலாம். ஆனால் 28-இலும் இதே 0.8-தான் தப்பா என்று இன்னும் பார்க்கவில்லை.”

முதற்பரிசை அந்தத் தாளுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.